உறைந்து உருகும் குளிரில் நிறக் கொங்கிறீட்: ஒன்ராறியோ வீட்டு டிரைவ்வேக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்ச் மாதம் பனி கரைந்த பிறகு ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ப்டன் தெருக்களில் நடந்து பாருங்கள். போட்டு இரண்டு குளிர்காலம்கூட ஆகாத செங்கல் நிற டிரைவ்வேகளில் தோல் உரிந்திருக்கும். கார் நிற்கும் இடத்திலும் தெருவோரத்திலும் பொருக்குப் பொருக்காக மேல்தளம் கழன்று கல் வெளியே தெரியும். பக்கத்து வீட்டின் சாதாரணச் சாம்பல் கொங்கிறீட் பத்து வருடமாகியும் அப்படியே கிடக்கும். அதைப் பார்ப்பவர்கள் நிறப்பொடிதான் கொங்கிறீட்டைப் பலவீனமாக்கியது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நல்ல இரும்பு ஒக்சைட் நிறப்பொடி சரியான அளவில் சேர்ந்தால் கொங்கிறீட்டுக்கு எந்தக் கேடும் இல்லை. கெடுப்பவை நிறத்தையும், மேலே பதிக்கும் கல் வடிவ அச்சையும் அழகாக எடுப்பதற்காகச் செய்யப்படும் வேலைகள்: கூடுதல் தண்ணீர், அளவுக்கு மீறிய தேய்ப்பு, பருவம் தப்பிய வார்ப்பு, காற்றளவைச் சோதிக்காமல் விடுவது. இவை ஒவ்வொன்றும் எங்கே நுழைகிறது, எப்படித் தடுப்பது என்பதை வேலை நடக்கும் வரிசையிலேயே பார்ப்போம்.

குளிர் எப்படி உடைக்கிறது

தண்ணீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. கொங்கிறீட்டின் நுண்துளைகளில் தண்ணீர் நிரம்பி நின்றால், உறையும் நீர் தன்னைச் சுற்றியிருக்கும் நீரைத் தள்ளும். போக இடமில்லாவிட்டால் அந்த அழுத்தம் சாந்தைப் பிளக்கும். ஒரு தடவையில் பெரிதாக ஒன்றும் ஆகாது. தெற்கு ஒன்ராறியோவில் பகலில் உருகி இரவில் உறைவது ஒரே குளிர்காலத்தில் பல தடவை நடக்கிறது. தொடர்ந்து உறைந்தே கிடக்கும் வடக்கைவிட, பூச்சியத்தைச் சுற்றி ஏறி இறங்கும் நம் தட்பவெப்பம் கொங்கிறீட்டுக்குக் கொடியது.

இதற்கான மருந்து 1930களில் அமெரிக்காவில் தற்செயலாகக் கிடைத்தது. அரைக்கும்போது மாட்டுக்கொழுப்புச் சேர்ந்த சீமெந்தால் போட்ட சில வீதிகள் மட்டும் குளிரில் உரியாமல் நின்றன. கொழுப்பு, சாந்துக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளை உண்டாக்கியிருந்தது. இன்று அதையே காற்றேற்றும் கலவைமருந்தால் வேண்டுமென்றே செய்கிறோம். குமிழிகள் நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம்: சாந்தின் எந்தப் புள்ளியிலிருந்தும் ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றருக்குள் ஒரு குமிழி இருக்கவேண்டும். உறையும் நீர் அந்த வெற்றிடத்துக்குள் ஒதுங்கிக்கொள்ளும்.

உப்பு இதை மோசமாக்குகிறது. செறிந்த உப்புநீரைவிட 3 சதவீதத்தை ஒட்டிய நீர்த்த கரைசல்தான் மேற்பரப்பை அதிகம் உரிக்கிறது என்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. காரிலிருந்து சொட்டும் பனிச்சேறு அப்படிப்பட்ட நீர்த்த கரைசல். வீட்டுக்காரர் ஒரு பிடி உப்புப் போடாவிட்டாலும் நெடுஞ்சாலை உப்பைக் கார் கொண்டுவந்து சேர்க்கும்.

கடும் நிறங்களில் இன்னொன்றும் உண்டு. கறுப்பும் கடும் பழுப்பும் வெயிலை அதிகம் உறிஞ்சும். குளிரான, ஆனால் வெயிலடிக்கும் நாளில் வெளிர் தளத்தில் உருகாத பனி கடும் நிறத் தளத்தில் உருகி, மாலையில் திரும்ப உறையும். அதாவது அதே தெருவில் கறுப்புத் தளம் கூடுதல் சுற்றுகளைத் தாங்கவேண்டும். கடும் நிறம் வேண்டாம் என்பதற்கில்லை. அதைத் தெரிவு செய்தால் மற்ற எதிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 1: நிலமும் சரிவும்

பழையதைக் கிளறி எடுத்த பிறகு 150 மில்லிமீற்றர் தடிப்புக்கு, கிரானுலர் ஏ எனப்படும் தூளோடு கலந்த உடைகல் சல்லியை இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் அதிர்வுத் தட்டால் இறுக்குங்கள். களிமண் நிலமானால் இன்னும் 50 முதல் 100 மில்லிமீற்றர் கூட்டுங்கள். தெற்கு ஒன்ராறியோவில் உறைபனி மண்ணுக்குள் 1.2 மீற்றர் வரை இறங்கும். தளத்தின் கீழ் நீர் தேங்கினால் மண் வீங்கித் தளத்தையே தூக்கும்.

சரிவு குறைந்தது 2 சதவீதம், மீற்றருக்கு 20 மில்லிமீற்றர். வீட்டுச் சுவரிலிருந்து வெளியே சரியவேண்டும். தண்ணீர் நிற்காத கொங்கிறீட் நிரம்பாது, நிரம்பாத கொங்கிறீட் உறைந்தாலும் உடையாது. அச்சுக் கொங்கிறீட் போடுபவர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்கவேண்டும். ஆழமான கல் வடிவ அச்சில் ஒவ்வொரு பள்ளமும் ஒரு சின்னக் குளம். ஆழம் குறைந்த வடிவத்தைத் தெரிந்து, இணைப்புக் கோடுகள் சரிவோடு ஓடும்படி அச்சை வையுங்கள்.

கார்களுக்கு 125 மில்லிமீற்றர் தடிப்பு. கம்பிவலை போட்டால் தாங்கிகளின் மேல் நடுவில் நிறுத்துங்கள். நிலத்தில் விரித்துவிட்டு வார்க்கும்போது கொக்கியால் தூக்குவது பலனில்லாத வேலை. கராஜ் தளம், வீட்டுச் சுவர், படிக்கட்டு தொடும் இடங்களில் 12 மில்லிமீற்றர் நார்ப்பலகை வைத்துப் பிரியுங்கள்.

படி 2: எதை ஓடர் பண்ணுவது

"32 எம்பிஏ (மெகாபாஸ்கல், வலிமையின் அலகு), சிவப்பு" என்று மட்டும் தொலைபேசியில் சொல்லாதீர்கள். கனடியத் தரநிலை சி.எஸ்.ஏ. ஏ23.1 இல் உப்பும் உறைவும் படும் நடைபாதை, படி, டிரைவ்வே எல்லாவற்றுக்கும் சி-2 என்ற வகுப்பு இருக்கிறது. அதைச் சொன்னால் மற்றவை கூடவே வரும்:

- 28 நாளில் 32 மெகாபாஸ்கல் வலிமை
- நீர்–சீமெந்து விகிதம் (நீரின் எடையைச் சீமெந்துப் பொருளின் எடையால் வகுத்தது) அதிகபட்சம் 0.45
- 20 மில்லிமீற்றர் சல்லிக்குக் காற்று 5 முதல் 8 சதவீதம்

நிறத் தளத்துக்கு விகிதத்தை 0.42 ஆகக் கேளுங்கள். 0.45 என்பது எல்லைக்கோடு. அதிலேயே தொடங்கினால் வேலையிடத்தில் ஒரு வாளி தண்ணீர் சேர்ந்தாலும் எல்லை தாண்டிவிடும். இளகல் வேண்டுமானால் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் மருந்து) சேர்க்கச் சொல்லுங்கள்.

6 மீற்றர் அகலம், 9 மீற்றர் நீளமான டிரைவ்வேயை எடுத்துக்கொள்வோம். 125 மில்லிமீற்றர் தடிப்பில் 6.75 கனமீற்றர். சேதாரத்துக்கு ஏறத்தாழ 7 சதவீதம் கூட்டி 7.25 கனமீற்றர். இந்த அளவு பொதுவாக ஒரே லொறியில் வந்துவிடும், அப்படியே வரட்டும். குறைவாக ஓடர் பண்ணிவிட்டுக் கடைசி மூலைக்கு இரண்டாவது லொறியைக் கூப்பிட்டால் அந்த மூலை வேறு நிறமாகவே நிற்கும்.

சீமெந்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்க்கும் துணைப்பொருள்களிலும் ஒரு முடிவு வேண்டும். ஸ்லாக் (இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடின் தூள்) நிறத்தை வெளிறச் செய்யும்; அளவு கூடினால் உப்பு உரிவும் கூடும். பிளை ஆஷில் (நிலக்கரி எரித்த நுண்சாம்பல்) எரியாத கரி இருந்தால் அது காற்றேற்றும் மருந்தை உறிஞ்சும். முழுதாகத் தவிர்க்க வேண்டியதில்லை. அளவைக் குறைவாகவும் எல்லா லொறிக்கும் ஒன்றாகவும் வைத்தால் போதும். கல்சியம் குளோரைட் மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். குளிரில் சீக்கிரம் இறுகட்டும் என்று அதைச் சேர்த்தால் நிறம் திட்டுத் திட்டாகும், உள்ளே உள்ள கம்பியும் துருப்பிடிக்கும். குளோரைட் இல்லாத இறுக்கிகள் கிடைக்கின்றன.

சல்லியில் நீரை உறிஞ்சும் செர்ட், ஷேல் கற்கள் கலந்திருந்தால் குளிரில் அந்தக் கல் வீங்கி மேலே கூம்பு வடிவத் துண்டைத் தள்ளிவிடும். வெளிர் தளத்தில் மறையும் இந்தக் குழி, நிறத் தளத்தில் வெள்ளைப் பொட்டாகக் கண்ணைக் குத்தும். வெளித்தளத்துக்கான தரமான சல்லி என்று கேட்டு வாங்குங்கள்.

படி 3: நிறப்பொடி

நிறம் கொடுக்க இரண்டு வழி. ஒன்று, முழுக் கலவையிலும் நிறப்பொடியைக் கலப்பது. மற்றது, வார்த்த பிறகு மேலே நிறக் கடினப்பொடியைத் தூவித் தேய்ப்பது. குளிர்நாட்டு வெளித்தளத்துக்கு முதல் வழியைத்தான் பரிந்துரைப்போம். தூவும் பொடியை உள்ளே இறக்க நிறையத் தேய்க்கவேண்டும். காற்றேற்றிய கொங்கிறீட்டில் அப்படித் தேய்த்தால் மேல்தளத்தின் குமிழிகள் வெளியேறும், கீழே காற்றும் நீரும் சிறைப்பட்டுப் பாளமாகக் கழலும். மேலாக, அந்த நிறம் சில மில்லிமீற்றர்தான். உரிந்தால் கீழே சாம்பல்.

கலக்கும் நிறப்பொடிக்கு ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் சி979 தரநிலை உண்டு. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பழுப்பு எல்லாம் இரும்பு ஒக்சைட்டிலேயே கிடைக்கும். பச்சைக்குக் குரோமியம் ஒக்சைட், நீலத்துக்குக் கோபால்ட். இவை வெயிலுக்கும் சீமெந்தின் காரத்துக்கும் நிற்கும்.

கறுப்பில்தான் பெரிய பொறி இருக்கிறது. மலிவான கரிக்கறுப்பு, அதாவது கார்பன் பிளாக், மிக நுண்ணிய தூள். அது காற்றேற்றும் மருந்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். தொழிற்சாலையிலிருந்து 6.5 சதவீதக் காற்றோடு புறப்பட்ட கலவையில் வேலையிடத்தில் வைத்துக் கரிக்கறுப்பைக் கொட்டினால் காற்று எல்லைக்குக் கீழே விழலாம். கண்ணுக்கு எதுவும் தெரியாது, வலிமைச் சோதனையிலும் தேறும். ஏனென்றால் காற்று குறைந்தால் வலிமை கூடத்தான் செய்யும். முதல் குளிர்காலத்தில்தான் வெளிப்படும். போதாததற்குக் கரிக்கறுப்பு வருடங்கள் போகப்போக மேற்பரப்பிலிருந்து கழுவிப்போய் வெளிறும். கறுப்பு வேண்டுமென்றால் இரும்பு ஒக்சைட் கறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள்.

அளவு, சீமெந்துப் பொருளின் எடையில் 1 முதல் 6 சதவீதம். அதற்குமேல் போட்டால் நிறம் பெரிதாகக் கூடாது, தண்ணீர்த் தேவைதான் கூடும். தரநிலையின் உச்சவரம்பு 10 சதவீதம். அங்கே போக வேண்டிய தேவையே வராது. மஞ்சள் ஒக்சைட்டின் துகள்கள் ஊசி வடிவானவை, சிவப்பைவிடத் தண்ணீர் கேட்கும். நம் கணக்கில் கனமீற்றருக்கு 360 கிலோ சீமெந்துப் பொருள், 4 சதவீத நிறம் என்றால் 14.4 கிலோ. 7.25 கனமீற்றருக்கு 104.4 கிலோ. எடைபோட்ட பைகளை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், கரண்டிக் கணக்கு வேண்டாம். முடிந்தவரை தொழிற்சாலையிலேயே கலக்கச் சொல்லுங்கள். வேலையிடத்தில் சேர்ப்பதானால் அதன் பிறகு டிரம் முழு வேகத்தில் 10 நிமிடம் சுற்றவேண்டும்.

படி 4: லொறி வந்ததும்

முதலில் ரசீதைப் பாருங்கள்: வகுப்பு, விகிதம், காற்று, கலந்த நேரம், வழியில் தண்ணீர் சேர்த்தார்களா. முந்திய சுமையைக் கழுவிய நீர் டிரம்முக்குள் மிச்சமிருந்தால் நிறமும் மாறும், விகிதமும் மாறும். ஆகவே டிரம்மை முழுக்க வடித்துவிட்டு ஏற்றவேண்டும் என்று ஓடரிலேயே எழுதுங்கள்.

காற்றளவை வேலையிடத்திலேயே, நிறம் முழுதும் கலந்த பிறகு, அழுத்தமானியால் அளக்கச் சொல்லுங்கள். சுமையின் முதல் வண்டில் கொங்கிறீட்டில் எடுக்காமல் கொஞ்சம் போன பிறகு மாதிரி எடுக்கவேண்டும். வீட்டு வேலைக்கு இதை யாரும் செய்வதில்லை. ஆனால் ஒரு சோதனைக்காரரின் கூலி, முழு டிரைவ்வேயையும் கிளறும் செலவுக்கு முன்னால் ஒன்றுமில்லை. காற்று 5க்குக் கீழே இருந்தால் காற்றேற்றும் மருந்தைச் சேர்த்துக் கலந்து திரும்ப அளக்கலாம். 8க்கு மேலே போனால் வலிமை விழும். ஒவ்வொரு சதவீதக் காற்றும் ஏறத்தாழ 5 சதவீத வலிமையைத் தின்னும். பம்ப் பிடித்தால் வழியில் காற்று குறையும், அப்போது பம்ப் வாயில் அளப்பதே சரி.

இளகல் (கூம்பில் நிரப்பிக் கூம்பைத் தூக்கினால் கலவை அமரும் அளவு) 80 முதல் 100 மில்லிமீற்றர். "கொஞ்சம் தண்ணி விடுங்கோ" என்ற குரல் இந்த இடத்தில் கட்டாயம் எழும். அதன் விலை இது: 0.42 விகிதத்தில் கனமீற்றருக்கு ஏறத்தாழ 151 லீற்றர் நீர். இன்னும் 20 லீற்றர் விட்டால் விகிதம் 0.475. முழு லொறிக்கும் அது 145 லீற்றர், லொறிக் குழாயைச் சிறிது நேரம் திறந்துவிட்டால் போய்ச்சேரும் அளவு. சி-2 அங்கேயே முடிந்துவிட்டது. கூடுதல் தண்ணீர் நிறத்தையும் வெளிறச் செய்யும், ஆகவே நிறப்பொடிக்குக் கொடுத்த காசும் வீண்.

படி 5: தேய்ப்பு

உரிந்த நிறத் தளங்கள் பெரும்பாலும் கெட்டது இந்த இரண்டு மணி நேரத்தில்.

மட்டக்கோலால் இழுத்து, நீளக்கைத் தேய்ப்பானால் ஒருமுறை சமப்படுத்தி நிறுத்துங்கள். பிறகு பொறுத்திருங்கள். மேலே வரும் கசிவுநீர் மறைந்து மினுக்கம் போகவேண்டும், ஆள் ஏறினால் காலடி ஏறக்குறைய 6 மில்லிமீற்றர்தான் பதியவேண்டும். நீர் நிற்கும்போதே தேய்த்தால் அந்த நீர் மேற்பரப்புச் சாந்துக்குள்ளேயே கலந்து, மேலே 2, 3 மில்லிமீற்றர் பலவீனத் தோலை உண்டாக்கும். அந்தத் தோல்தான் பின்னர் பொருக்காக எழும்பும்.

காற்றேற்றிய கொங்கிறீட் குறைவாகவே கசியும். காற்றும் வெயிலும் உள்ள நாளில் மேல் காய்ந்து கீழ் பச்சையாக இருக்கும். அப்போது தூரிகையால் தண்ணீர் தெளித்துத் தேய்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அதைச் செய்யவிடாதீர்கள். ஆவியாவதைத் தடுக்கும் திரவத்தைத் தெளிக்கலாம், ஆனால் அதையும் சாந்தோடு சேர்த்துத் தேய்க்கக்கூடாது. வேலையைக் காலையில் தொடங்கினால் இந்தத் தொல்லையில் பாதி குறையும்.

கருவி மக்னீசியம் ஃப்ளோட், அதாவது மக்னீசியத் தகட்டுத் தேய்ப்பான். உருக்குக் கரண்டியால் பளபளப்பாக்குவது வீட்டுக்குள் போடும் தளத்துக்குரியது. வெளியே அப்படிச் செய்தால் மேற்பரப்பு மூடிக்கொண்டு குமிழிகள் அழியும், பனியில் வழுக்கவும் செய்யும். கடைசியாகத் தும்புத்தடியால் ஒரே திசையில் மெதுவாக இழுத்த முடிவு அழகு, உறுதி இரண்டிலும் குறைவில்லாதது. அச்சுப் பதிப்பதானால் அச்சுக்கு முன்னும் தேய்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒட்டாமல் இருக்கத் தூவும் பொடியைப் பின்னர் நன்றாகக் கழுவி எடுங்கள். அது மிச்சமிருந்தால் சீலர், அதாவது நீர் புகாமல் பின்னர் பூசும் திரவம், பிடிக்காது.

வெட்டுக்கோடுகள் 3 மீற்றருக்கு ஒன்று, தடிப்பின் நாலில் ஒரு பங்கு ஆழம், ஆக 32 மில்லிமீற்றர். வெட்டும்போது ஓரம் சிதறாத அளவுக்கு இறுகியதும் வெட்டிவிடுங்கள். அடுத்த நாள் பார்ப்போம் என்றால் கொங்கிறீட் தானே வெடித்துக் கோடு போட்டுக்கொள்ளும்.

படி 6: பதப்படுத்தல்

குறைந்தது 7 நாள், 10 பாகை செல்சியஸுக்குக் குறையாமல். சாம்பல் தளத்துக்கு ஈரச்சாக்கோ பிளாஸ்டிக் விரிப்போ நல்லவை. நிறத் தளத்தில் விரிப்பு தொட்ட இடமும் தொடாத இடமும் வேறு வேறு நிறமாகி, சுருக்கங்களின் படம் அப்படியே பதிந்துவிடும். ஆகவே நிறத் தளத்துக்கென்று விற்கும், ஏஎஸ்டிஎம் சி309க்கு அமைந்த பதப்படுத்தும் திரவத்தைத் தேய்ப்பு முடிந்த உடனேயே சீராகத் தெளியுங்கள். அதற்கு மேல் என்ன சீலர் வரப்போகிறதோ அதோடு ஒத்துப்போகுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். பதப்படுத்தாமல் விட்ட தளம் மேற்பரப்பில்தான் முதலில் பலவீனமாகும், குளிரும் அங்கேதான் முதலில் தாக்கும்.

பத்து நாள் கார் ஏற்ற வேண்டாம், 28 நாள் பாரலொறி ஏற்ற வேண்டாம்.

பருவம் பற்றி எங்கள் கருத்து கடுமையானது. ரொறன்ரோப் பகுதியில் நிறத் தளத்தை மே முதல் செப்டம்பர் முடிவுக்குள் போடுங்கள். கொங்கிறீட் 3.5 மெகாபாஸ்கல் வலிமை எடுக்குமுன் ஒருமுறை உறைந்தாலே நிரந்தரச் சேதம். அதைத் தாண்டினாலும், உப்பைச் சந்திக்குமுன் 28 நாள் முதிர்ச்சியும் அதற்குமேல் ஒரு மாதக் காற்றுலர்வும் வேண்டும். நவம்பரில் கழிவு விலைக்குக் கிடைக்கும் வேலைக்கு இந்த இரண்டு மாதம் கிடைக்காது.

படி 7: சீலர்

28 நாளுக்குப் பிறகு, தளம் நன்றாகக் காய்ந்த, 10 பாகைக்கு மேலான நாளில். உள்ளே ஊறும் சிலேன் வகைச் சீலர் நீரைத் தடுக்கும், நீராவியை வெளியே விடும். நிறத்தைப் பெரிதாக மாற்றாது, மினுக்காது. 40 சதவீத சிலேன் லீற்றருக்கு ஏறத்தாழ 4 சதுரமீற்றர் பிடிக்கும் என்று வைத்தால் நம் 54 சதுரமீற்றருக்கு 13 முதல் 14 லீற்றர் தேவை. மேலே படலமாக நிற்கும் அக்ரிலிக் சீலர் நிறத்தை ஈரம்போல் ஆழமாக்கிக் காட்டும், பலர் அதற்காகவே விரும்புவார்கள். தடிப்பாகப் பூசினால் அது கீழிருந்து வரும் ஈரத்தைச் சிறைப்பிடித்து வெண்மையாக மங்கும், அந்த ஈரம் உறைந்தால் படலத்தோடு சாந்தையும் கிளப்பும். மெல்லிய இரண்டு பூச்சு போதும். ஒவ்வொரு வருடமும் மேலுக்கு மேல் பூசவேண்டாம்.

சீலர் இன்னும் வேலை செய்கிறதா என்று அறிய ஒரு கரண்டி நீரை ஊற்றுங்கள். முத்தாக நின்றால் சரி. ஒரு நிமிடத்தில் ஊறிக் கறுத்தால் திரும்பப் பூசும் காலம். பொதுவாக இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை இலையுதிர் காலத்துக்கு முன் பார்த்துக்கொள்ளலாம்.

படி 8: முதல் குளிர்காலம்

முதல் வருடம் எந்த உப்பும் வேண்டாம், மணல் மட்டும். அதன் பிறகும் அமோனியம் நைத்திரேற்று, அமோனியம் சல்பேற்று உள்ள எதையும், உரம் உட்பட, ஒருபோதும் போடாதீர்கள். அவை குளிரோடு நிற்காமல் சீமெந்தை இரசாயனமாகவே அரிக்கும். கல்சியம், மக்னீசியம் குளோரைட்டுகளும் சீமெந்துப் பசையோடு வினைபுரிபவைதான், "கொங்கிறீட்டுக்குப் பாதுகாப்பானது" என்று பையில் எழுதியிருந்தாலும். சாதாரண உப்பு −10 பாகையை நெருங்கும்போது வேலை செய்யாது, ஆகவே அந்தக் குளிரில் அள்ளிப் போடுவது வெறும் தீங்கு.

நகரசபையின் பனிவாரி டிரைவ்வே வாயில் குவித்துவிட்டுப் போகும் பனி உப்பால் ஊறியது. அதை உள்ளே தள்ளாமல் புல்தரைப் பக்கம் உடனே எறியுங்கள். காரிலிருந்து விழும் சேற்றுக் கட்டிகளையும் கராஜ் வாயில் உருகவிடாமல் கூட்டித் தள்ளுங்கள். வசந்தத்தில் முதல் வேலை, நல்ல நீரால் முழுத் தளத்தையும் கழுவுவது.

உரிந்துவிட்டால்

எது நடந்தது என்று முதலில் பாருங்கள். பரவலாக மெல்லிய பொருக்கு என்றால் மேற்பரப்புப் பலவீனம்: தேய்ப்பு, தண்ணீர், பதப்படுத்தல் ஆகியவற்றில் ஒன்று. அங்கொன்று இங்கொன்றாகக் கூம்புக் குழி, நடுவே உடைந்த கல் என்றால் சல்லியின் குற்றம். சுத்தியலால் தட்டும்போது உள்ளே வெற்றிடமிருப்பதுபோல் ஓசை வரும் பாளங்கள் என்றால் தேய்ப்பு அவசரம். வெண்பூச்சுப் படர்ந்திருந்தால் அது பெரும்பாலும் சுண்ணாம்புக் கசிவு. நிறம் போய்விட்டது என்று பயப்படவேண்டாம், வலிமைக்கும் தொடர்பில்லை.

கொந்தராத்துக்காரரோடு பிணக்கு வந்தால் ஒரு உருளைத் துண்டை வெட்டியெடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். ஏஎஸ்டிஎம் சி457 சோதனை, கட்டியான கொங்கிறீட்டிலும் காற்றின் அளவையும் குமிழிகளின் இடைவெளியையும் நுண்நோக்கியில் எண்ணிச் சொல்லும். மேலே மட்டும் காற்றில்லையா, முழுவதிலும் இல்லையா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

மேலே மட்டும் கெட்டு உள்ளே காற்று சரியாக இருந்தால், உரிந்ததை உயர் அழுத்த நீரால் நீக்கி, காயவைத்து, சிலேன் பூசி வைத்திருக்கலாம். அழகு வேண்டுமானால் பொலிமர் கலந்த மெல்லிய மேல்பூச்சை முழுத் தளத்துக்கும் போடவேண்டும். திட்டுத் திட்டாக நிறச் சாந்து பூசினால் எந்த மேசனாலும் நிறம் பொருத்த முடியாது. உருளைத் துண்டு முழு ஆழத்துக்கும் காற்றில்லை என்று சொன்னால் மேல்பூச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள். அடித்தளம் தொடர்ந்து உடைய, மேலே போட்டதும் அதோடு கழன்று வரும். அந்தத் தளத்தைக் கிளறி எடுத்துவிட்டு, படி 1இலிருந்து மே மாதத்தில் தொடங்குங்கள்.